கூறு வைத்த தகடுகள்

1

எங்கள் கட்டடத்தை வெள்ளைத் துணியால் போர்த்தி இந்தப் பங்குனியோடு ஒரு வருடம் நிறைகிறது. மான்செஸ்டர் நகரத்தில் பதினான்கு மாடிக் குடியிருப்பு. ஒன்பதாவது மாடியில் நானும் சாரதாவும். போர்த்திய அன்று என்ன கிழமை, மழை பெய்ததா, வீட்டில் என்ன குழம்பு என்பது வரைக்கும் என்னால் சொல்ல முடியும். தேதிப் பைத்தியம் என்பாள் சாரதா. எனக்கு இரண்டு நாட்காட்டிகள். சுவரில் தொங்குவது இந்த நாட்டுடையது. தலைக்குள் ஓடுவது நாஞ்சில் நாட்டு நெல்வயலின் இரண்டு போகங்களுடையது: கன்னிப்பூ நடவு, கன்னிப்பூ அறுப்பு, கும்பப்பூ நடவு, கும்பப்பூ அறுப்பு. போர்த்திய அன்று ஊரில் கும்பப்பூ அறுத்து வைக்கோலும் காய்ந்திருக்கும். அந்த வயல் இப்போது எங்களுடையதில்லை. இருந்தாலும் தலைக்குள் ஓடும் நாட்காட்டி நிற்பதில்லை.

எதற்காகப் போர்த்தினார்கள் என்று ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டும். எங்கள் வெளிச்சுவர் முழுவதும் தகடு பதித்திருந்தார்கள். பார்க்க அலுமினியம். உண்மையில் காகிதம்போல் மெல்லிய இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவில் பிளாஸ்டிக். அதற்கும் பின்னால், குளிர் புகாமல் இருக்க நுரைப் பலகை. ஓரிடத்தில் தீப்பிடித்தால் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாகத் தீ மேலே ஏறும். லண்டனில் ஒரு கட்டடம் அப்படி எரிந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. அதன் பிறகு எங்கள் கட்டடத்தையும் சோதித்தார்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றார்கள். சொன்னதற்கும் கழற்றத் தொடங்கியதற்கும் நடுவே என் மகள் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரி முடித்து, வேலைக்கும் போய்விட்டாள்.

கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு கம்பெனி. நிர்வாகம் இன்னொரு கம்பெனி. கட்டியவர்கள் வேறு, காப்பீட்டுக்காரர்கள் வேறு. ஒருவரைக் கேட்டால் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். கதவுக்கடியில் வந்து விழுந்த கடிதங்கள் எல்லாமே உங்கள் பொறுமைக்கு நன்றி என்றுதான் முடியும். நான் பொறுமையாக இருப்பதாக யாரிடமும் சொன்னதே கிடையாது. தகடு இருக்கும்வரை வீட்டை வாங்கவும் ஆள் வராது. நான் ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு நாகர்கோவிலுக்குப் போய் அக்காவின் பக்கத்தில் இருந்துவிடுவது என்பது எங்கள் திட்டம். ஓய்வு வந்தது.

2

கழற்றத் தொடங்கிவிட்டால் ஆபத்து தீர்ந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தகட்டை எடுத்தவுடன் உள்ளே இருக்கும் நுரைப் பலகை திறந்து கிடக்கும். ஒரு பொறி விழுந்தால் முன்பைவிட வேகமாகப் பற்றும். அதனால் ஒரு நாளைக்குக் கொஞ்சம் இடத்தில்தான் கை வைப்பார்கள். திறந்த இடத்தை அன்று மாலைக்குள் மூடிவிடுவார்கள். பொறி பறக்கும் அறுப்பு எந்திரம் கூடாது. சாரத்தில் புகைக்கக் கூடாது. கழற்றிய தகட்டைச் சுவரோரம் அடுக்கக் கூடாது. பூட்டுப் போட்ட இரும்புத் தொட்டியில் போட்டு அன்றன்றைக்கே லாரியில் ஏற்றிவிட வேண்டும். முக்கியமாக, மாடிப்படியில் ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது. ஏதாவது நடந்தால் ஆட்கள் இறங்கி ஓட இருக்கும் வழி அது ஒன்றுதான்.

இவை எல்லாம் செவ்வனே நடந்தன. குறை சொல்வதற்கில்லை. நாங்கள்தான் பொட்டலத்துக்குள் இருந்தோம். ஜன்னலைத் திறந்தால் துணி. அதற்கு அப்பால் வெயிலா மழையா என்று கைபேசியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். காலையில் சமையலறை ஜன்னலுக்கு வெளியே தலைக்கவசம் போட்ட ஒருவன் நின்று திருகாணி கழற்றுவான். சாரதா தோசைக்கல்லுடன் நிற்பாள். இருவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி. முதல் வாரம் திரையை இழுத்துவிட்டாள். மூன்றாவது வாரம் அவன் குட்மார்னிங் சொன்னான். பிறகு ஒரு நாள் அவன் வரவில்லை. வேறு பக்கம் போய்விட்டான்.

"நல்ல பையன், ஒருநாள்கூட உள்ள எட்டிப் பாக்கல்லே. இந்தக் கெட்டடத்துல இத்தன வருஷத்துல எனக்குக் காலையில குட்மார்னிங் சொன்னது அவன் ஒருத்தன்தான்" என்றாள் சாரதா.

3

என் அக்கா பெயர் பகவதி. என்னைவிட எட்டு வயது மூத்தவள். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு தோவாளைப் பக்கம் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு எட்டு மாடிக் குடியிருப்பில் ஆறாவது மாடியில் வீடு வாங்கினாள். முடிவு அவளுடையது. இடது முழங்கால் மடங்காது. லிப்டை நம்பித்தான் ஆறாவது மாடி. அவளுடைய பால்கனியில் நின்றால் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆடி மாதம் போயிருந்தேன். காற்று அடிக்கும்போதெல்லாம் கட்டடத்தின் முகப்பு டப டப என்று அடித்துக்கொண்டது. கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். வெள்ளியும் நீலமுமாகத் தகடு. விரலை மடக்கித் தட்டினால் காலி பிஸ்கட் டப்பாவின் சத்தம். ஒரு மூலையில் பிளந்திருந்தது. இரண்டு வெள்ளிக் கோடுகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கறுப்புக் கோட்டை எனக்கு நன்றாகத் தெரியும். அதைப் பற்றி அச்சில் வந்ததையெல்லாம் வாசித்து முடித்திருந்தேன்.

"அக்கா, இத என்னத்துக்கு வச்சாவ?"

"பாக்க நல்லாட்டு இருக்கும்லா. மழையும் நனைக்காது. ரோட்டுல எல்லா கெட்டடமும் மினுங்குது, நம்மளுது மட்டும் பாசி பிடிச்சு நிக்குதேண்ணு தாணு அண்ணாச்சிதான் போடச் சொன்னாவ."

"இது எரியும் அக்கா."

"தகடு எப்பிடிடே எரியும்? நீ சாப்பிட வா."

தாணு அண்ணாச்சி என்பவர் தாணுமாலயன். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், அத்தானுடைய நண்பர், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர். அன்றிலிருந்து அவரை நான் விடவில்லை.

4

மான்செஸ்டரில் இருந்தபடியே சங்கக் கூட்டத்தில் கைபேசி வழியாகக் கலந்துகொண்டேன். அங்கே யாரோ கைபேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தது பாதி மின்விசிறியும் தாணு அண்ணாச்சியின் ஒரு காதும்.

"லண்டன்காரரு வந்தாச்சு. எல்லாரும் ஒரு வாளி தண்ணி எடுத்து வச்சுக்கிடுங்க" என்றது ஒரு குரல்.

"நான் மான்செஸ்டர்ல இருக்கேன்."

"எல்லாம் ஒண்ணுதான்டே" என்றார் தாணு அண்ணாச்சி. "அங்கேருந்து பாத்தா நாகர்கோயிலும் மார்த்தாண்டமும் ஒண்ணாட்டுதானே தெரியும்? நீ விஷயத்தச் சொல்லு."

சொன்னேன். கீழ்மாடியில் பிடிக்கும் தீ எப்படி மேலே ஏறும், உயரமான கட்டடத்தில் தண்ணீர் ஏன் எட்டாது, வயதானவர்கள் எப்படி மாட்டிக்கொள்வார்கள். உயரம், உயரம் என்று பலமுறை சொன்னேன். நான் வாசித்த எல்லாவற்றிலும் அந்தச் சொல்தான் இருந்தது. இந்த நாட்டில் உயரமான கட்டடங்களுக்கு மட்டும்தான் சட்டம் போட்டார்கள்.

"ஒங்க கெட்டடத்துல கழத்தியாச்சா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"இன்னும் இல்லே. சொல்லியிருக்கு."

"அப்போ ஒங்களுக்கு எரியாது. எங்களுக்குத்தான் எரியும். அப்பிடித்தானே?"

சிரித்தார்கள். தாணு அண்ணாச்சியின் காதும் சிரிப்பில் ஆடியது. அடுத்து லிப்டுக்குள் வெற்றிலை துப்புவது யார் என்ற விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

போன ஐப்பசியில் நாகர்கோவிலில் ஒரு பை விற்கும் கடையின் பெயர்ப் பலகையில் வயர் பொறிந்து, முகப்புத் தகடு பற்றிக்கொண்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தவர் தாணு அண்ணாச்சி. அன்று மாலையே அழைத்தார்.

"டே ஆறுமுகம், நீ சொன்னது செரியாக்கும். கிளாஸ கீழ வைக்கதுக்குள்ள மேல போயிட்டு. மெழுகுவத்தி மாதிரி சொட்டுது கேட்டியா, தீ சொட்டுது."

"அண்ணாச்சி, நம்ம கெட்டடம்?"

"கழத்துகோம். இந்த மழை கழியட்டு, மார்கழியில கழத்திப்போடுகோம்."

5

எனக்கு இங்கே தூக்கம் போயிற்று. கழற்றும்போதுதான் ஆபத்து என்று அவர்களுக்கு யார் சொல்வது? காலையும் மாலையும் தாணு அண்ணாச்சிக்குக் குரல்செய்தி அனுப்பினேன். அறுப்பு எந்திரம் வேண்டாம். பசையைக் கத்தியால் கீறி, திருகாணியைக் கையால் கழற்றச் சொல்லுங்கள். மேலேயிருந்து கீழே வாருங்கள். காற்று வீசும்போது வேலையை நிறுத்துங்கள். தகடு கப்பல் பாய்போல் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். மாடிப்படியில் எதையும் வைக்காதீர்கள்.

"தம்பி, மாட்டுகதுக்கு இல்லாத சட்டம் கழத்துகதுக்கா?" என்று பதில் வந்தது. ஆனால் ஆச்சரியம், எல்லாவற்றையும் செய்தார். ஒவ்வொரு நாளும் படம் அனுப்பினார். மொட்டை மாடியிலிருந்து கயிறு. இடுப்பில் வார் கட்டிய இரண்டு பேர். சாக்கில் சுற்றி இறக்கப்படும் தகடு. கீழே தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி காவலாளி. அங்கே உள்ளே நுரைப் பலகை கிடையாது, வெறும் இரும்புச் சட்டம்தான். அதனால் வேலை சுலபம். ஒரு படத்தில் மாடிப்படியை மட்டும் எடுத்து அனுப்பியிருந்தார். சுத்தமாகக் கழுவி, ஓரத்தில் கோலம்கூடப் போட்டிருந்தது. கீழே ஒரு வரி: "போருமா?"

மார்கழி முடிவதற்குள் முடிந்துவிட்டது. நாங்கள் எட்டு வருடம் கடிதம் வாங்கிய வேலை. கட்டடம் பழையபடி பாசி பிடித்த சிமெண்டு நிறத்தில் நின்றது. அப்படி அழகான ஒரு படத்தை நான் சமீபத்தில் பார்த்ததில்லை. ஊரை விட்டு வந்து முப்பது வருடத்தில் என் பேச்சு ஊரில் எடுபட்டது அதுதான் முதல் தடவை. சாரதாவிடம் இரண்டு தடவை காட்டினேன்.

"அக்கா இனி நிம்மதியா ஒறங்குவாவ. நீங்களும் ஒறங்குங்க" என்றாள்.

6

பொங்கலுக்கு மறுநாள் அக்கா ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய சமையலறை. கேஸ் அடுப்பில் குக்கர். அடுப்புக்குப் பின்னால், மேடையிலிருந்து பரண்வரைக்கும், சுவர் வெள்ளியாக மினுங்கியது.

உடனே அழைத்தேன்.

"அக்கா, அது என்ன சொவர்ல?"

"பாத்தியா! நம்ம தகடாக்கும். தாளிச்சா எண்ணெ தெறிச்சுச் சொவரெல்லாம் கறையா இருக்கும்லா. இப்போ ஒரு துணியால ஒரு இழுப்பு. ஆசாரிய விட்டு ஆறு ஆணி வச்சு அடிச்சேன்."

"அது எங்கேருந்து ஒனக்கு வந்து?"

"கூறு வச்சாவ."

எங்கள் பக்கத்தில் கோயில் கொடைக்குக் கிடா வெட்டினாலும், கூட்டாக மீன் வாங்கினாலும், தோப்பில் பலா பறித்தாலும் கூறு வைப்பார்கள். பெரிதும் சிறிதும் கலந்து, சமமாகக் குவியல் குவியலாகப் பிரித்து, வீட்டுக்கு ஒன்று. இன்னாருக்கு இன்ன குவியல் என்று சீட்டுப் போட்டு எடுப்பார்கள். சண்டை வராது. தகடு எல்லோருக்கும் பொதுச் சொத்து. பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் கடைக்காரன் வந்து பார்த்து, உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது, வேண்டாம் என்று போய்விட்டான். நல்ல சாமானைத் தெருவில் எறிவார்களா? கீழே வண்டி நிறுத்துமிடத்தில் குவியல் போட்டு, தாணு அண்ணாச்சி முன்னால் நின்று, சீட்டெடுத்து, பிசகில்லாமல் கொடுத்திருக்கிறார்.

"மத்தவங்க என்ன செஞ்சாவ?" என்று கேட்டேன்.

அக்கா உற்சாகமாகச் சொல்லிக்கொண்டு போனாள். மூன்றாவது மாடியில் பூஜை அலமாரிக்கு உள்பக்கம் அடித்திருக்கிறார்கள். குத்துவிளக்கு வெளிச்சம் இரண்டாகத் தெரிகிறதாம். காவலாளி அவன் குடிசையில் விறகடுப்புக்கு மறைப்பாக வைத்திருக்கிறான். தாணு அண்ணாச்சி தன் கூறை இசக்கியம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார்; பொங்கலிடும் இடத்தில் வெயிலுக்குக் கூரை.

கத்தினேன். "தீப்பிடிக்கும்ண்ணுதானே அக்கா சொவர்லேருந்து கழத்தினது!"

"ஒசரத்துல இருந்தாத்தான் ஆபத்துண்ணு நீதானே சொன்னே? கூட்டத்துல எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தோம். இப்போ ஒசரத்துல இல்லியே. கைக்கெட்டுக தூரத்துல, ஒரு செம்புத் தண்ணி ஊத்துக தூரத்துல இருக்கு."

எட்டு மாடிச் சுவரில் இருந்ததை எடுத்து, ஒவ்வொரு அடுப்புக்கும் விளக்குக்கும் பின்னால் ஒரு துண்டாகப் பங்கிட்டிருக்கிறார்கள். அதுவும் எந்தத் தவறும் இல்லாமல், என் யோசனைப்படி, பத்திரமாக.

7

பத்து நாள் தினமும் பேசினேன். கழற்று என்றேன். டைல்ஸ் ஒட்டித் தருகிறேன் என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு பேச்சை மாற்றினாள். கடைசியில் ஒரு நாள் அவளுக்கும் கோபம் வந்தது.

"வாத்தியார் வேல பாத்தது நானா நீயா? அங்கேருந்து தெனமும் ஒரு பாடம் எடுக்கியே!"

"அக்கா, அது பிளாஸ்டிக்கு. அப்பளம் மாதிரி ரெண்டு தாளு, நடுவுல..."

"தெரியும். நூறு தடவ சொல்லியாச்சு. நீ வந்து கழத்து."

"வீடு விக்க முடியல்லே அக்கா. இங்க வேல முடியட்டு, வாறேன்."

"எட்டு வருஷமா இதைத்தான் சொல்லுதே. அத்தான் போன அன்னைக்கும் வேல முடியட்டுண்ணுதான் சொன்னே." பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அப்பா வயலக் கூறு வச்சப்போ பொம்பளப் பிள்ளைக்கு என்னத்துக்குண்ணு அண்ணனும் நீயும் எடுத்தீங்க. நான் ஒரு வார்த்த பேசல்லே. எனக்குண்ணு வாழ்க்கையில ஒருத்தன் சீட்டெடுத்துக் கையில தந்த கூறு இது ஒண்ணுதான். அதையும் கழத்தச் சொல்லுதியா?"

அவள் வைத்துவிட்டாள்.

8

அந்த வாரம் மகள் நிவேதா தோழி ஒருத்தியுடன் வந்திருந்தாள். பிரிஸ்டலில் வேலை. நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்பாள், ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சாப்பாட்டு மேசையில் சாரதா விஷயத்தைச் சொன்னாள். நிவேதா தோழிக்காக அதை ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னாள். சொல்லும்போதே சிரிப்பு. "மை டாட்ஸ் சிஸ்டர்" என்றாள். அத்தை என்ற சொல் அவள் வாயிலிருந்து எப்போது போனது என்று எனக்கே தேதி தெரியவில்லை. அடுப்புக்குப் பின்னால் என்ற இடம் வந்ததும் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிக்காதே. அவளுக்கு முழங்கால் முடியாது. தீ வந்தா ஓட முடியாது" என்றேன்.

"சாரி அப்பா. பட்..." சிரிப்பைத் துடைத்துக்கொண்டு, எழுந்துபோய் எங்கள் சமையலறைச் சுவரைத் தட்டிக் காட்டினாள். ஆங்கிலத்தில் சொன்னாள்: "அம்மா இந்த அடுப்பில் எட்டு வருடம் சமைத்தாளே. அந்தத் தகடு இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தானே இருந்தது? அத்தனை வருடமும் நாமும் இங்கேதானே சாப்பிட்டோம்?"

சாரதா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் மோர் ஊற்றிக்கொண்டேன். அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

9

தை முடிந்து மாசி பிறந்தது. அக்கா கோபத்தை விட்டுவிட்டு வீடியோவில் அழைத்தாள். அவள் பேசிக்கொண்டே சமையலறைக்குள் போனபோது பின்னால் சுவர் தெரிந்தது. தகடு இல்லை. ஆறு ஆணி ஓட்டைகள் மட்டும்.

"கழத்திட்டியா அக்கா?"

"ஆமா, கழத்தியாச்சு."

"எப்போ?"

"தை கடைசி வெள்ளி கழிஞ்சு. செரி, சாரதாவுக்குச் சளி மாறிச்சா?"

எப்போதும் கைபேசியை எங்காவது சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையையும் ஆட்டிப் பேசுபவள், அன்று ஒரு கையை மட்டும் காட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் தாணு அண்ணாச்சியை அழைத்தேன். நீண்ட நேரம் எதையெதையோ பேசிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

தை கடைசி வெள்ளி இசக்கியம்மனுக்குப் பொங்கல். பெண்கள் வரிசையாக அடுப்புக் கூட்டியிருக்கிறார்கள். அவர் கொடுத்த தகடுகள் மேலே கூரை. யாரோ காய்ந்த ஓலையை அள்ளி வைக்க, சுவாலை எழும்பித் தகட்டின் ஓரத்தைத் தொட்டிருக்கிறது. முதலில் தகடு வளைந்தது. பிறகு சொட்டியது. ஒரு சொட்டு பொங்கப்பானைக்குள். ஒரு சொட்டு, பானைக்குப் பக்கத்தில் நின்று அரிசி களைந்துகொண்டிருந்த அக்காவின் இடது கையில்.

"பக்கத்துலயே கெணறு இருந்து. ஆளுக்கொரு வாளி ஊத்தி அணச்சுப்போட்டோம். பெரிசா ஒண்ணும் இல்லே தம்பி. ஆனா அந்தச் சொட்டு ஒட்டிக்கிட்டு எரியுதுடே. தட்டினாலும் போவல்லே. நான் குடுத்த தகடுல்லா." அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "அம்மைக்க கோயில்ல, நான் குடுத்த தகடு."

அக்காவை அழைத்தேன்.

"கையக் காட்டு."

"என்ன கைய?"

"அக்கா, கையக் காட்டு."

காட்டினாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், ஒரு பெரிய நாணயம் அளவுக்குத் தோல் உரிந்து, மருந்து பூசி, கறுத்துச் சுருங்கியிருந்தது.

"வடை சுட்டா இதவிடப் பெரிசா தெறிக்கும். போடே. நீ சொன்னதுதான் செரி, போருமா?" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்க நான் இரண்டு வருடம் தொண்டை கிழியப் பேசியிருக்கிறேன்.

10

கோயில் விஷயம் கேள்விப்பட்டதும் கட்டடத்தில் ஒரே மாலையில் எல்லோரும் கழற்றிவிட்டார்களாம். சமையலறை, பூஜை அலமாரி, காவலாளி குடிசை, ஒன்று விடாமல். கேட்கவே நிம்மதியாக இருந்தது. ஏதோ ஞாபகத்தில், கழற்றியதை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"எங்க வைக்க? வீட்டுக்குள்ள வச்சா பேடியா இருக்கு" என்றபடி அக்கா நொண்டி நொண்டி வாசல் கதவைத் திறந்து கைபேசியைத் திருப்பினாள்.

மாடிப்படி. தாணு அண்ணாச்சி கழுவிக் கோலம் போட்டுப் படம் அனுப்பிய அதே மாடிப்படி. அக்காவின் வாசலிலிருந்து கீழே கண்ணுக்குத் தெரியும் தூரம்வரை, ஒவ்வொரு திருப்பத்திலும், சுவரில் சாய்த்துச் சாய்த்து வெள்ளியும் நீலமுமாகத் தகடுகள். படியில் ஒரு ஆள் ஒருக்களித்து இறங்கும் இடம் மட்டும் மிச்சம். அந்த இடத்தில் அக்காவால் ஒருக்களித்து இறங்க முடியாது.

"அக்கா, இது எல்லாத்தையும்விட மோசம். இதுதானே ஓடி எறங்குக வழி. ஒடனே எடுத்து வெளியில..."

"வெளியிலண்ணா எங்க? ஆக்கர் கடைக்காரன் வேண்டாம்ங்கான். குப்ப எடுக்க வாறவன் இது நம்ம வண்டியில ஏறாதுங்கான். கெணத்துல போட முடியுமா? கொளுத்த முடியுமா? புதைக்கதுக்கு யாருக்கு மண்ணு இருக்கு, எல்லாரும் மாடியிலல்லா இருக்கோம். தாணு அண்ணாச்சி ஒருவாரமா அலையுதாவ." கைபேசியைத் தன் முகத்துக்குத் திருப்பி, எங்கள் ஊரில் தம்பியையும் செல்லமாகக் கூப்பிடும் சொல்லால் என்னைக் கூப்பிட்டாள். "மக்ளே, நீங்க அங்க எங்க கொண்டு போட்டீங்க? ஒங்க ஆளுகளுக்குத்தான் எல்லாத்துக்கும் ஒரு முறை உண்டே. கேட்டுச் சொல்லு. நாங்களும் அதே மாதிரி கொண்டு போடுகோம்."

எட்டு வருடத்தில் எல்லாக் கடிதத்தையும் வாசித்தவன் நான். எப்படிக் கழற்றுவார்கள், யார் கழற்றுவார்கள், எப்போது, எவ்வளவு பத்திரமாக, எல்லாம் அவற்றில் இருந்தது. கழற்றியது எங்கே போகிறது என்று ஒரு வரி இல்லை. நானும் கேட்டதில்லை.

மறுநாள் காலை லாரி வரும் நேரம் பார்த்துக் கீழே இறங்கினேன். கடைசி வாரம், தொட்டியில் கொஞ்சம்தான் தகடு. ஓட்டுநருக்கு என் வயதிருக்கும். இதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டேன்.

"துறைமுகத்துக்கு."

"அங்கிருந்து?"

"கப்பலில்."

"கப்பல் எங்கே போகும்?"

தொட்டியின் மேல் வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். "நீங்கள் எந்த ஊர்?" என்றார். இந்தியா என்றேன். கொக்கியை மாட்டினார். "அங்கேயாகக்கூட இருக்கலாம். துறைமுகம் வரைக்கும்தான் எனக்குத் தெரியும்" என்றார். வேண்டுமென்று சொன்னதாகத் தெரியவில்லை. மரியாதையான மனிதர், போகும்போது கையசைத்தார்.

மேலே வந்தேன். அன்றைக்குத்தான் எங்கள் பக்கத்துத் துணியை அவிழ்த்திருந்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு சமையலறைக்குள் வெயில் விழுந்து, சாரதா அதில் மிளகாயைப் பரப்பிக்கொண்டிருந்தாள். கைபேசியில் அக்காவின் குரல்செய்தி வந்து கிடந்தது. கேட்டேன். பின்னால் யாரோ படியில் இறங்குகிறார்கள்; தகடு ஒன்றில் உரசும் சத்தம்; பிறகு அக்கா: "கேட்டியா மக்ளே? என்ன சொன்னாவ?"

பதில் எழுதத் தொடங்கி அழித்தேன். மறுபடி எழுதி அழித்தேன். நான் கேட்டுவிட்டேன் என்பது அவளுக்கு நீலக் குறியாகத் தெரிந்திருக்கும். இதை எழுதிக்கொண்டிருக்கும் இப்போதும் அவள் கைபேசியைப் பார்த்தபடி, ஆறாவது மாடியில், அந்தப் படிக்கு இந்தப் பக்கம் இருக்கிறாள்.